பீரோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த வாசகி

ஸ்டெல்லா அக்கா காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. அவர் மகள் ரோஸி போனில், “அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி” என்று மட்டும் சொன்னாள். இரண்டு மாதமாகவே போன் அடிக்கும்போதெல்லாம் இந்தச் செய்திதானோ என்று பயந்துகொண்டிருந்தேன். செய்தி வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

டவுன்ஷிப்பில் பலருக்கு அவர் எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட். மாதா கோயில் பாடகர் குழுவின் கணீரென்ற குரல். எனக்கு அவர் வாசகி. நான் எழுதிய ஒரே நாவலைக் கைப்பிரதியிலேயே முழுதாகப் படித்தவர்.

அது நகைச்சுவை நாவல். கோதண்டம் என்ற ஷிப்டு தொழிலாளி தன் குவார்ட்டர்ஸில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் நுழைந்து, கழிந்துபோன எந்த நாளுக்கும் போய்விடுவான். பழைய தவறு ஒன்றைத் திருத்தப் போய்ப் புதிதாக இரண்டைச் செய்துவிட்டு வருவான். பெண் பார்த்த நாளைச் சரிசெய்யப் போனவன் மேனேஜர் வீட்டு மாப்பிள்ளையாகத் திரும்புவான். சாப்பாட்டு வேளையில் நான் கதையைச் சொல்லக் கேட்ட தோழிகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அக்கா கைப்பிரதியைத் திருப்பித் தந்தபோது, சிரிப்பு வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

“நல்லாத்தான் இருக்கு பானு. ஆனா உன் கோதண்டத்துக்குப் பயமே வரலையே. போன நாளுக்குத் திரும்பிப் போறவன் எப்படிச் சிரிச்சிகினே போவான்?”

இது தமாஷ் கதை, இதில் பயத்துக்கு என்ன வேலை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மூன்று நாள் நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை.

நான்காம் நாள் மாலை அவரே என் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் எங்கள் பீரோ இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பீரோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். தன் கணவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மழை பெய்த ஒரு காலையில் வேலைக்குப் போகும் வழியில் பைக் சறுக்கி அவர் இறந்தது எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நாள் இருவருக்கும் சண்டை என்பது யாருக்கும் தெரியாது.

“அன்னிக்குக் காலையில லீவு போடட்டுமான்னு கேட்டாரு. வேலைக்குப் போங்கன்னு சொன்னேன்.”

அப்படியொரு பீரோ கிடைத்தால் போய்த் தடுத்துவிடலாமே அக்கா என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு. அக்கா தலையை ஆட்டி மறுத்தார்.

“அதான் பயமே. பின்னாடி நடக்கப்போறது தெரியாம அந்தக் காலையில போய் நின்னா, மறுபடியும் போங்கன்னுதான் சொல்லுவேன். அவ்ளோ கோவம் இருந்துச்சு எனக்கு.”

அந்த வாரமே ஓர் அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். கோதண்டம் பீரோவின் கைப்பிடியைப் பிடித்தபடி, திறக்கத் துணிவில்லாமல் நிற்கிறான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று மனைவி வந்து இழுத்துப் போகிறாள். அக்கா அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், ‘இப்ப நம்புறேன்’ என்று எழுதினார். புத்தகம் வந்த பிறகு வாசகர்கள் அதிகம் பேசியது அந்த அத்தியாயத்தைத்தான். அதை எழுதவைத்தவர் யாரென்று இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

நுரையீரல் நோய் முற்றியதும் அக்கா வடலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். புதிதாக என்ன எழுதியிருக்கிறாய், எடுத்துக்கொண்டு வா என்று போனில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். எட்டு ஞாயிறு போயிற்று. இரண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன். மெலிந்துபோன அந்த முகத்தைப் பார்க்கப் பயம். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்டால் பொய் சொல்லவேண்டி வருமே என்றும் பயம். பொய்யை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றபோது ரோஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு இன்னொரு தரம் போன் பண்ணட்டுமான்னு கேட்டேன் ஆன்ட்டி. ‘வேணாம், அவ பயந்துகினு இருப்பா’ன்னு சொல்லிட்டாங்க.”

அக்காவிடமிருந்து கடைசியாக எனக்கென்று மிஞ்சியது இந்த ஒரு வார்த்தைதான். அவர் என்னை மன்னித்துச் சொன்னதா, மனம் வெறுத்துச் சொன்னதா, தெரியவில்லை. சொன்னபோது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று ரோஸியிடம் கேட்டால் தெரிந்துவிடும். இதுவரை கேட்கவில்லை.