சகலை உட்கார்ந்த பெஞ்சு

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு வக்கீல் குமாஸ்தா என்னை ஒரே வார்த்தையில் ஊமையாக்கிவிட்டார்.

யாரை? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஜல்லி சுமந்து, கிளீனராகி, டிரைவராகி, இன்றைக்கு ஓரகடம் - படப்பை ரோட்டில் நாலு லாரி ஓட்டுகிற என்னை. கலெக்டர் ஆபீஸில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து பேசிவிட்டு வந்த என்னை. வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்கள் காது புளிக்கப் பேசுகிற என்னை.

அவர் கேட்டது இவ்வளவுதான்: "காரணம்?"

எதற்குக் காரணம்? அதைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்...

எனக்கு ஒரு சகலை. பெயர் ஏகாம்பரம். என் வீட்டுக்காரியின் கடைசித் தங்கையைக் கட்டியவர். என்னைவிட இருபது வயசு இளையவர். பென்னலூர்ப் பக்கம் குடியிருக்கிறார். இரண்டே லாரி — அதிலும் ஒன்று எப்போதும் ஷெட்டில் படுத்திருக்கும்.

ஆனால் அந்த மனுஷனுக்கு இருக்கிற மவுசு இருக்கிறதே!

என் லாரி வழியில் நின்றால் டீக்கடையில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "மொதலாளி வண்டிதானே, பாத்துக்குவாரு" என்று மறுபடி பேப்பரில் தலையை விட்டுக்கொள்வார்கள். அவர் லாரி நின்றால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் தள்ளுவார்கள். மாமியார் வீட்டு விசேஷத்தில் மூத்த மாப்பிள்ளை நான் பந்தியில் இடம் தேடிக்கொண்டிருப்பேன். அவருக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். என் வீட்டிலேயே, அவர் வருகிறார் என்றால் வடை மொறுமொறுவென்று வரும். எனக்கு மட்டும் சுட்டால்? ஊறிப்போன மெதுவடை. பல் இல்லாதவனுக்குச் சுட்ட மாதிரி. எனக்கு முப்பத்திரண்டும் இருக்கிறது.

இதற்குப் பெயர் பொறாமை என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். நான் இல்லை என்றா சொன்னேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வட்டார லாரி உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. சங்கத்தை ஆரம்பித்தவனே நான்தான். முதல் மீட்டிங் நடந்தது என் ஷெட்டில், என் பெஞ்சில். ஒரு முறை மணல் திருடி மாட்டின ஒருத்தன் செயலாளராகப் பார்த்தபோது, 'கோர்ட்டில் தண்டனை பெற்றவர் சங்கத்தில் எந்தப் பொறுப்புக்கும் வரக் கூடாது' என்று விதி எழுத வைத்தவனும் நான்தான். அடுத்த தலைவர் யார் என்பதில் சந்தேகம் வரலாமா?

வந்தது. "ஏகாம்பரம் நின்னா நல்லா இருக்கும்" என்று எவனோ ஆரம்பித்தான். ஒரே வாரத்தில் ஊரே அதைப் பாட ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் படப்பையில் ஒரு டயர் கடைக்காரர் என் காதில் தேன் ஊற்றினார். பேச்சோடு பேச்சாக, "உங்க சகலைக்கு ஜெயில் தண்டன குட்த்தாங்களே, அந்தக் கேஸு இன்னா ஆச்சு?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததாம். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் எனக்கும் தேவைப்படவில்லை.

ஜெயில் தண்டனை! அன்றைக்கு எனக்கு டயர் விலைகூட உறைக்கவில்லை.

ஆனால் வெறும் வாய்ப்பேச்சு சபையில் எடுபடுமா? காகிதம் வேண்டும். ஒருத்தர் பேரில் கேஸ் இருந்ததா, தண்டனை ஆனதா என்று நம்மைப் போன்ற பொதுஜனம் பார்க்க முடியுமா? எங்கே போய்க் கேட்பது? இதுவரை எனக்கும் தெரியாது. இப்போது தெரியும். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன் — யாருக்காவது சகலை இருக்கலாம்.

முதலில் போலீஸ் ஸ்டேஷன் போனேன். எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் யார் நுழைந்தாலும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். என்னையும் பார்த்தார்கள். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ஏட்டையா, சங்கதியைக் கேட்டுவிட்டு, நீங்கள் புகார் கொடுத்தவரா என்றார். இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரா என்றார். அட, இல்லை. அப்படியானால் ஸ்டேஷன் ரிக்கார்டு உங்களுக்கு எதற்கு, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். போகிற போக்கில், என் பேரில் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டு வைத்தேன். ஒன்றும் இல்லையாம். அதைச் சொல்லும்போது ஒரு மரியாதையாவது முகத்தில் தெரிந்ததா? அதுவும் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"உங்க வயித்தெரிச்சலுக்குக் கோர்ட்டு ஸ்டாம்பு வேற ஒட்டணுமா?" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "போய்ப் பாத்துட்டுதான் வாங்களேன்" என்றாள்.

அந்த 'வாங்களேன்'-இல் ஒரு சிரிப்பு இருந்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, வெறும் வயிற்றோடு கிளம்பிக் கோர்ட்டுக்குப் போய்விட்டேன். வாசல் வேப்பமரத்தடியில் குமாஸ்தா தேவராஜைப் பிடித்தேன். என் லாரிகளின் ஃபைன் கேஸ்களை எல்லாம் பார்க்கிறவர். அவர்தான் விளக்கினார். ஒரு கேஸ் முடிந்து தீர்ப்பு ஆகிவிட்டால் கேஸ் கட்டு ரிக்கார்டு ரூமுக்குப் போய்விடும். சின்ன கேஸ் என்றால் சில வருஷத்தில் அழித்தும் விடுவார்கள். இருந்தால் நகல் வாங்கலாம். கேஸில் சம்பந்தப்பட்டவர் என்றால் நகல் மனு போட்டால் போதும். சம்பந்தமில்லாத மூன்றாம் மனுஷன் கேட்டால், எதற்காகக் கேட்கிறேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் அதைப் படித்துப் பார்த்து, சரி என்றால்தான் நகல்.

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். "காரணம்?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

பொதுநலம் என்று போடலாமா என்றேன். "யாருக்கு நலம்னு கேப்பாங்க" என்றார். சங்கத்தின் நலம்? அப்படியானால் சங்கத்தின் தீர்மானம் எங்கே என்றார். சொந்தக்காரர் மேல் உள்ள அக்கறை? குமாஸ்தா பேனாவை மூடிவிட்டார்.

"மொதலாளி, சத்தியம் பண்ணி எழுதுறது. உள்ளது எதுவோ அத எழுதணும். யோசிச்சுச் சொல்லுங்க. அதுவரைக்கும் உள்ள போய் உக்காருங்க. கோர்ட்டுல யார் வேணா உக்காந்து கேக்கலாம், அதுக்குக் காரணம் வேணாம். காயிதத்துக்குத்தான் காரணம் வேணும்."

உள்ளதை எழுதுவதா? 'ஐயா, என் சகலைக்கு மட்டும் வடை மொறுமொறுப்பாக வருகிறபடியால்' என்றா?

உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடியது — பெஞ்சுக்கு. காரணத்தை யோசித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். ஏதோ அடிதடி கேஸில் ஒரு பையன் குற்றத்தை ஒத்துக்கொண்டான். அபராதம் போட்டு, கோர்ட் கலையும் வரை சிறை என்றார் மாஜிஸ்திரேட். பையன் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜெயில் பறவையாயிற்றே! நான் தள்ளி உட்கார்ந்தேன். இவனை எப்போது ஜெயிலுக்குக் கொண்டுபோவீர்கள் என்று அங்கே நின்ற போலீஸ்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இதான் பெரியவரே ஜெயிலு," என்றார். "சாயந்திரம் ஐயா எழுந்து போனா இவனும் வூட்டுக்குப் போலாம்."

டயர் கடைக்காரர் சொன்ன ஜெயிலும் இதுவாக இருந்துவிட்டால்?

மத்தியானம் கோர்ட் இடைவேளை விட்டார்கள். வாசலில் ஒருத்தர் டிபன் கேரியரோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஏகாம்பரம்.

"அக்கா சோறு குட்த்து அனுப்பிச்சாங்கண்ணே. காலைல வெறும் வயித்தோட வந்துட்டீங்களாம்."

எதற்காக வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வெளியே மரத்தடியில் உட்கார வைத்து, கேரியரைப் பிரித்து, குழம்பை ஊற்றிவிட்டு, அவராகவே ஆரம்பித்தார்.

"நீங்க உக்காந்துகினு இருந்த பெஞ்சு கீதே, அதுலதாண்ணே நானும் ஒரு நாள் பூரா உக்காந்திருந்தேன். அதுக்கு அப்பவே காலு ஆடும்."

அப்போது அவர் சம்பளத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தாராம். வல்லம் பக்கம் ஒரு கம்பெனியில் சாயந்திர ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் ரோட்டில் கை காட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு பிரைவேட் பஸ் நிற்கவே நிற்காதாம். மழைக்காலத்தில் ஒரு நாள், பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்தவர், லாரியை ரோட்டுக்குக் குறுக்கே போட்டுச் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பஸ் நின்றது. பெண்கள் எல்லாரும் ஏறினார்கள். பஸ்காரன் கேஸ் கொடுத்தான். இவர் ஒத்துக்கொண்டார். அபராதம். கோர்ட் கலையும் வரை சிறை.

"மறிச்சது நெஜம்தானேண்ணே. இல்லன்னு எப்படிச் சொல்றது? அதுக்கப்புறம் அந்த பஸ்ஸு தெனம் நின்னுச்சு."

இதை ஏன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லிட்டேனே. மாமா, அத்த, அக்கா... எல்லாருக்கும் தெரியும்ணே." கொஞ்சம் தயங்கினார். "உங்ககிட்ட மட்டும் அக்காதான் வேணாம்னாங்க. பேப்பர்ல எழுதிடுவாருன்னு."

பார்த்தீர்களா? என் பெண்டாட்டி, இத்தனை வருஷமாய், அவர் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் அரைப் பாக்கெட் பீடி வாங்கினால் அன்று மாலையே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும்!

சாப்பிட்டு முடித்ததும் ஏகாம்பரம் குமாஸ்தாவிடம் போனார். நகல் மனுவில் தானே கையெழுத்துப் போட்டார். தன் கேஸுக்குத் தானே நகல் கேட்பவரிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. "எனக்கு லோடு கீது. நகல் வந்தா அண்ணன் கையில குடுத்துடுங்க, மீட்டிங்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, காலி கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டு இருக்கிறதா என்று பார்த்து, கோர்ட் முடிந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். மறுபடி போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயந்திரம் வரை நானும், அந்த அடிதடிப் பையனும்.

கட்டு இருந்தது. சனிக்கிழமை நகல் என் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை படப்பையில் கல்யாண மண்டபத்தில் மீட்டிங். நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுப்பதா, வேண்டாமா? எடுத்தால் நான் தலைவன். விதி நான் போட்ட விதி. 'தண்டனை பெற்றவர்' என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும், மீதியைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமா என்ன? எடுக்காவிட்டால் ஆயுசுக்கும் அவருக்குக் கீழே நாற்காலி. பை மேல் கையை வைப்பதும் எடுப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் நெஞ்சுவலியா என்று கேட்டார்.

ஏகாம்பரம் பெயரைச் சொன்னதும் எல்லாக் கைகளும் மேலே போயின. அவர் எழுந்தார்.

"என்னிய மன்னிக்கணும். எனக்குக் கோர்ட்டுல தண்டன ஆகிக் கீது. நம்ம ரூல்படி நான் வரக் கூடாது. சும்மா சொல்றேன்னு நெனைக்க வேணாம். தீர்ப்பு காப்பி அண்ணன் பாக்கெட்டுல கீது, எடுத்துக் காட்டுவாரு."

அத்தனை தலையும் என் சட்டைப் பையைப் பார்த்துத் திரும்பியது.

எடுத்தேன். வேறு வழி? செயலாளர் சத்தமாகப் படித்தார். லாரியைக் குறுக்கே போட்டது, பெண்கள் பஸ் ஏறியது, இவர் ஒத்துக்கொண்டது, தண்டனை — ஒன்று விடாமல். படித்து முடித்ததும் விதியை மாற்று என்று ஒரே கூச்சல். பின் வரிசையில் ஒருத்தன், "காப்பி அண்ணன் பையில எப்படி வந்துச்சு?" என்று தன் பக்கத்து ஆளைக் கேட்டான். நல்லவேளை, அந்த ஆளுக்குக் காது மந்தம்.

ஏகாம்பரம் கையைத் தூக்கி அடக்கினார். அண்ணன் யோசிச்சுப் போட்ட ரூல், எனக்காக மாத்தக் கூடாது என்றார். அண்ணனே தலைவரா இருக்கட்டும் என்றார்.

ஆகவே வாசகர்களே, எங்கள் சங்கத்தின் தலைவர் இப்போது நான்தான்.

பெரிய ரோஜா மாலை. கழுத்து நோகிற அளவுக்குக் கனம். போட்டோக்காரர் வந்து, அண்ணே கொஞ்சம் சிரியுங்கள் என்றார். நான் எங்கே சிரிப்பது? எதிரே மண்டபமே ஏகாம்பரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு என்ன குழந்தை பிறந்தது, கோர்ட்டில் அன்றைக்கு டீயாவது கொடுத்தார்களா, சாயந்திரம் வரைக்கும் எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மேடையில் நான், மாலை, மைக்.

அதே பெஞ்சில், கோர்ட் கலையும் வரை, நானும்தான் உட்கார்ந்திருந்தேன்... ஒருத்தராவது கேட்டார்களா?