சைக்கிள் மிதிக்கிற தூரம்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலை என்று பெயர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான், குளித்துவிட்டு வரலாம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, கொக்குவிலில் பலசரக்குக் கடை வைத்து, வாடிக்கையாளரோடு கதைத்தே வயது ஐம்பதைத் தாண்டிய எனக்கு ஏற்றம் என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தால் வாயைக் கொடுத்திருக்க மாட்டேன்.

மகளுக்கு முதல் ஆசிரியர் நியமனம் மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிடைத்தது. பிள்ளை கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையை நிற்பாட்ட ஒரு கதை சொன்னேன்.

"உதென்ன தூரம், பிள்ளை? அப்பா சைக்கிள் மிதிச்சு வாற தூரம்தானே."

அவள் சிரித்துவிட்டாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போயும் விட்டாள். மனைவிதான், கூரை ஏறிக் கோழி பிடிக்கமாட்டாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம் என்று முணுமுணுத்தாள்.

என்னிடம் இருந்தது மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன றேசிங் சைக்கிள். ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைபிடி, மெல்லிய ரயர். சென்ற வருடம் அதில் வெளிக்கிட்டேன். வழியில் சொந்தக்காரர் வீடுகளில் படுத்தெழும்பி, மேடு பள்ளமில்லாத றோட்டெல்லாம் மிதித்துத் தள்ளினேன். மலை தொடங்கிய இடத்தில் முழங்கால் கையை விரித்துவிட்டது. மிச்சத் தூரத்துக்குச் சைக்கிளையும் பஸ்ஸில் ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். பஸ் நிற்கும் இடத்தில் மகள் குடையோடு நின்றாள். "பரவாயில்லை, அப்பா" என்றாள். திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். அந்தப் "பரவாயில்லை" என்னோடு கொக்குவில் வரைக்கும் திரும்பி வந்தது.

இந்த வருட முடிவில் அவளுக்கு இடமாற்றம் வரும் என்று கதை அடிபட்டது. அதற்கு முன் போகாவிட்டால் நான் சொன்னது வெறும் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடும்.

மானிப்பாயில் சைக்கிள் திருத்துகிற தம்பி ஒருவனிடம் போனேன். இரண்டு பேரும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தோம். றேசிங் சைக்கிளின் பின்சில்லில் இருந்த பெரிய பல்லுச் சக்கரத்துக்கு இருபத்தெட்டுப் பல்லு. மலைச் சைக்கிளுக்கு வருவதில் முப்பத்தாறு. பல்லுக் கூடினால் மிதி லேசாகும், போக்கு மெதுவாகும். ஆனால் பெரிய சக்கரத்துக்குச் செயினைத் தூக்கிவிட, அதே மலைச் சைக்கிளின், பின்சில்லோடு தொங்குகிற நீளமான கியர்க்கையும் வேண்டும். என் கைபிடியில் இருந்த லீவர் பத்துக் கியருக்கானது. எனவே பத்துக் கியர்க் கையாகவே கொழும்பிலிருந்து எடுப்பித்தோம்.

சக்கரத்தையும் கையையும் பூட்டிப் பார்த்தால், ஒரு கியர் மாற்றினால் செயின் பாதி வழியில் நின்று கடகடவென்று அடித்தது. மூன்று நாள் திருகாணியைத் திருகினோம். தம்பி வீடியோவைத் திட்டினான், நான் தம்பியைத் திட்டினேன். வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி புடைத்தபடியே, பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டினதுகளே ஒரு வீட்டில் இருக்குதுகள் இல்லை, இரும்பு இருக்குமோ என்று கேட்டாள்.

கடைசியில் தம்பி, முகட்டில் தொங்கிய உடைந்த மலைச் சைக்கிள் ஒன்றிலிருந்து பழைய ஒன்பது கியர்க் கையைக் கழற்றி, வேறு வழியில்லாமல் பூட்டிப் பார்த்தான். செயின் ஒவ்வொரு பல்லுக்கும் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஏறியது. பிறகுதான் விசாரித்து அறிந்தோம்: பத்துக் கியர்க் கைக்குக் கேபிள் இழுபடும் அளவு வேறாம், பழைய ஒன்பதுக்கும் என் கைபிடி லீவருக்கும் ஒரே அளவாம். பழைய செயின் பெரிய சக்கரத்துக்கு எட்டாததால் நீளமான செயினும் போட்டோம்.

ஏறிப் பார்க்க மலைக்கு எங்கே போவது? எங்களிடம் இருப்பது காற்றுத்தான். சோளகம் வீசுகிற காலம். பண்ணைக் கரையிலிருந்து தீவுப் பக்கம் போகும் கடல் றோட்டில் எதிர்க்காற்றில் மிதித்தேன். கால் களைக்கக் களைக்கக் கியரை இறக்கினேன்; சுகமாகத்தான் போனது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணை, உந்தச் சைக்கிள் முன்னுக்குப் போகுதோ, பின்னுக்கு வருதோ?"

"போகுது, தம்பி. ஆறுதலாய்ப் போகுது."

காற்றும் மலையும் ஒன்றென்று நினைத்ததுதான் எங்கள் ஊர்ப் பிழை. காற்றில் மிதியை விட்டாலும் சைக்கிள் கொஞ்சம் உருளும், கியர் மாறும். மலையில் அப்படியில்லை. மறுபடி கொக்குவிலிலிருந்து மிதித்துப் போய், மலையின் முதல் கொண்டை ஊசி வளைவில், கால் களைக்கட்டும் என்று காத்திருந்து, ஏறிநின்று மிதித்தபடி லீவரைத் தட்டினேன். செயின் கத்திக்கொண்டு கழன்றது, சைக்கிள் நின்றது. கையெல்லாம் கரியாக அதை மாட்டிவிட்டு ஏறப் பார்த்தால், அந்தச் சரிவில் ஒரு மிதி மிதிக்க முடியவில்லை. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. நல்ல பெரிய பஸ், மேலே இடமும் இருந்தது. வழிவிட்டேன்.

பிறகு ஏறின தூரத்தைத் திரும்ப இறங்கினேன். அடிவாரத்து மட்டத்தில் வைத்தே முப்பத்தாறுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினேன். பசிக்க முன்னமே உலை வைக்கவேணும் என்று மனைவி சொல்வது கியருக்கும் சரிதான்.

சைக்கிள் ஏறியது. எவ்வளவு மெதுவாக என்றால், கூடையோடு வேலை முடிந்து வந்த தோட்டத்து அம்மா ஒருவர் பக்கத்தில் நடந்தே கூட வந்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டார். மூச்சுக்கு நடுவே நானும் கேட்டேன். மூன்று வளைவு கதைத்துக்கொண்டே ஏறினோம்.

"எறங்கி நடந்தா சீக்கிரம் போயிரலாமேய்யா?"

"நடக்கமாட்டன், அம்மா. பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன்."

அவர் தன் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூட விடுதி வாசலில் மகள் நின்றாள். நான் காலை ஊன்ற முன்னமே அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"டீச்சர், ஒங்கப்பா நடக்கல. நான்தான் நடந்தேன். நான் சாட்சி."

மகள் என் கையிலிருந்து சைக்கிளை வாங்கிச் சுவரில் சாத்தினாள். கரிபிடித்த என் கையைப் பார்த்தாள்.

"தூரம்தான், அப்பா."

"ஓம், பிள்ளை" என்றேன். "நல்ல தூரம்."