வெள்ளைக்கார வாத்தியார் எந்த ஊருக்கு ஆடினார்

"1962, ஆவணி, சனி. மாலை நாலே முக்கால். வ.வா. முதன்முறையாகக் களத்தில் இறங்கினார். பந்து எழும்பும் என்று காத்திருந்தார். எழும்பவில்லை."

என் பழைய நோட்டில் இப்படித்தான் இருக்கிறது. வ.வா. என்றால் வெள்ளைக்கார வாத்தியார். அந்த ஆண்டு ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தபோது, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக ஊரிலிருந்து திண்டுக்கல்லுக்கு வந்தவர். வயது இருபத்து நாலு. நான் அதே பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தாடிக்கொம்பு தாண்டி இரண்டு மைலில் இருந்த என் ஊருக்குச் சைக்கிளில் போய்விடுவேன்.

முதல் இரண்டு மாதம் அவர் விடுமுறை நாட்களில் கண்ட பஸ்ஸிலும் ஏறிச் சுற்றினார். ஒருமுறை பழனி பஸ் என்று ஏறி, நத்தத்தில் இறங்கி, அங்கே பலாப்பழம் தின்றுவிட்டு மிகுந்த மகிழ்ச்சியோடு திரும்பினார். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, "நானும் வரலாமா?" என்று கேட்டு என்னோடு கிளம்பினார்.

எங்கள் ஊரில் பூப்பந்து என்றால் உயிர். பக்கத்துக்கு ஐந்து பேர். மஞ்சள் கம்பளிப் பந்து. காலையில் மல்லிகைத் தோட்டத்திலும் தக்காளி வயலிலும் வேலை பார்த்தவர்கள் மாலையில் களத்தில் வலை கட்டிவிடுவார்கள். வ.வா. தம் ஊரில் டென்னிஸ் ஆடியவர். பந்து தரையில் பட்டு மேலே வரும், அடிக்கலாம் என்று பேட்டை ஓங்கிக்கொண்டு நின்றார். கம்பளிப் பந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"வாத்தியாரே, அது செத்துப்போச்சு. இனிமே எந்திரிக்காது!" என்று கத்தினார் எங்கள் அணித் தலைவர். தக்காளி விவசாயி, குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் வ.வா.தான். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஐப்பசிக்குள் இரண்டு பேட்டுகளின் நரம்பை அறுத்துவிட்டார். கார்த்திகையில் மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை வெட்டி விடப் பழகினார். தமிழையும் களத்திலேயே கற்றார். ஆகவே தலைமையாசிரியரிடம்கூட, "செத்த நேரம் இருங்க, வாரேன்" என்றுதான் சொல்வார்.

செம்பட்டிப் பக்கத்தில் ஓர் ஊரோடு எங்களுக்கு மாசியில் ஆண்டுக்கொரு போட்டி நடக்கும். 1963இல் அவர்கள் ஊரை ஒட்டிய தென்னந்தோப்பில் நடந்தது, சனிக்கிழமை மாலை. எங்கள் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டதால் வ.வா.வுக்கு இடம் கிடைத்தது. சித்திரையில் அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஆடக் கிடைத்த ஒரே போட்டி அதுதான். பேட்டுக்குப் புது நரம்பு போட்டிருந்தார். போட்டியில் ஆடப்போவதாகத் தாயாருக்கு எழுதியும் விட்டதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வலை கட்டியதும் எதிரணித் தலைவர் கையை உயர்த்தினார்.

"வெளியாளு ஆடக்கூடாதுன்னுதான பேச்சு?"

எங்கள் தலைவர் பாய்ந்தார். "ஏன், சீமையிலருந்து வந்தா மனுசன் இல்லையா?"

"சீமையப் பத்தி யாருப்பா பேசுனா? அவரு குடியிருக்கிறது திண்டுக்கல்லு. திண்டுக்கல்லு ஒங்க ஊரா?"

 சீமையிலிருந்து வந்த ஆறாயிரம் மைல் எதிரணித் தலைவருக்குப் பொருட்டே இல்லை. திண்டுக்கல்லுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே இருந்த ஏழு மைல்தான் உறுத்தியது.

நடுவராக இருந்தவர் அந்தப் பக்கத்துத் தபால்காரர். "கடுதாசி எங்க வருதோ அங்கதான் குடி," என்றார் அவர். "இவருக்குத் திண்டுக்கல்லுக்குத்தான வருது?"

"கடுதாசியா வந்து பந்தாடப்போவுது? சனிக்கிழமையானா எங்க ஊருல திங்குறாரு, எங்க ஊருல தூங்குறாரு. எழுதி வச்ச ஆதாரம் இருக்கு. ஏலே, எடு நோட்ட!" என்றார் எங்கள் தலைவர்.

ஏலே என்றது என்னை. நான் ஆடுகிறவன் அல்ல. புள்ளி எழுதப் போயிருந்தேன். நோட்டு பையில்தான் இருந்தது. ஆவணியிலிருந்து அதுவரை இருபத்தேழு சனிக்கிழமைகள். அவற்றில் பத்தொன்பது எங்கள் ஊர். ஐந்து திண்டுக்கல், காய்ச்சல், விடைத்தாள், மழை. மிச்சம் மூன்றை வாசிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். வ.வா. பேட்டை மார்போடு அணைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியதை மறைத்து வாசிக்க எனக்கு வரவில்லை.

"மார்கழி, மூன்று சனிக்கிழமைகள். வ.வா. செம்பட்டிப் பக்கம். முதல் நாள் சைக்கிள் சங்கிலி அறுந்தது. பிறகு அறாமலும் போனார். கோழிக் குழம்பு. தங்கியது அவ்வூர் அணித் தலைவர் வீட்டில்."

தோப்பே அந்தத் தலைவர் பக்கம் திரும்பியது.

"ஏலே, ஒன் வீட்லயா தின்னாரு?" என்றார் அவருடைய ஆட்டக்காரர் ஒருவர்.

அவர் கொஞ்சம்தான் திணறினார். "ஆமா, தின்னாரு. அப்படின்னா அவரு எங்க ஊரு ஆளுதான? எங்களுக்கு ஆடட்டும்!"

எங்கள் தலைவர் என்னை முறைத்தார். "மொதல்ல நீ எந்த ஊருக்காரன்னு விசாரிக்கணும்டா."

கூச்சல் அரை மணி நேரம் நீடித்தது. கடைசியில் வ.வா.வே நடுவில் வந்து நின்றார். "எந்தப் பக்கம்னாலும் எனக்குச் சரி. ஆடாம மட்டும் போகமாட்டேன்."

தபால்காரர் தீர்ப்புச் சொன்னார்: முதல் ஆட்டம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆட்டத்தில் வ.வா. எங்களோடு ஆடினார், நாங்கள் தோற்றோம். இரண்டாவதில் அவர்களோடு ஆடினார், எங்கள் நாலு பேரிடம் அவர்கள் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு முன் பேச்சு அப்படியே தலைகீழானது.

"பத்தொம்பது சனிக்கெழமை ஒங்க ஊருலதான இருந்தாரு? நீங்களே வச்சுக்கங்க," என்றார் எதிரணித் தலைவர்.

"கோழி அடிச்சுப் போட்டது நீங்கதானப்பா," என்றார் எங்கள் அணியில் ஒருவர்.

கூட்டம் தென்னை மரங்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வ.வா.வும் சிரித்தார், ஆனால் காது சிவந்திருந்தது. வலைக் கம்பத்தின் அருகே எந்தப் பக்கமும் சேராமல் நின்றார்.

எங்கள் தலைவர் அவரைப் பார்த்தார். பிறகு, "இம்புட்டு நேரம் இவருக்காகத் தொண்டை கிழியக் கத்திட்டு இப்ப விடவா? வாங்க வாத்தியாரே, பின்னாடி நில்லுங்க. ஓங்கி மட்டும் அடிக்காதீங்க, அப்பு. சும்மா எடுத்துப் போடுங்க," என்றார்.

வ.வா. ஓடி வந்தார். இருபத்தெட்டுக்கு இருபத்தேழு என்று நாங்கள் முன்னால் இருந்தபோது பந்து அவரிடம் வந்தது. சொன்னதை மறந்து ஓங்கி அடித்தார். பந்து நரம்பில் படவில்லை. கட்டையில் பட்டு, வலைமேல் ஊர்ந்து, அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. இருபத்தொன்பதாவது புள்ளியோடு வென்றோம். வலைக்கு அப்பாலிருந்தவர்களும் ஓடி வந்து அவரைத் தூக்கினார்கள். ஒரு கையில் பேட்டும் மறு கையில் யாரோ கொடுத்த இளநீருமாக அவர் எல்லோர் தலைக்கும் மேலே போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் மதுரையில் ஒரு கல்யாணம் இருந்ததால் நான் அங்கிருந்தே திண்டுக்கல்லுக்குக் கிளம்பிவிட்டேன். அன்று இரவு வ.வா. தங்களோடு பதினைந்து மைல் சைக்கிள் மிதித்து வந்து, எங்கள் ஊரில்தான் சாப்பிட்டுப் படுத்தார் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது. தோற்றவர்கள் வீட்டில்தான் அன்று விருந்து, விடிந்த பிறகே அனுப்பினோம் என்பது செம்பட்டிப் பக்கத்தார் சொல்வது. இரு தரப்பிலும் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமை அவரையே கேட்டேன். "ரெண்டு எடத்துலயும் வெஞ்சனம் நல்லா இருந்துச்சு" என்று தொட்டுக்கொண்ட கறியை மட்டும் புகழ்ந்தார். அந்த இருபத்தெட்டாவது சனிக்கிழமை இரவு அவர் எந்த ஊரில் தூங்கினார் என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.