பல நாட்டு வீட்டுக்கு ஒரு முதலாளி

கூரையின் கடைசி உத்தரம் ஏறியதும் உச்சியில் கொடி கட்டுவார்கள். வீட்டுக்காரர் வேலையாட்களுக்குக் கறி சுட்டுப் போடுவார். போடாவிட்டால் அவர் சாயலில் பழந்துணிப் பொம்மை செய்து உச்சியில் தொங்கவிடுவார்கள். விருந்து நடந்தால்தான் அது இறங்கும். சிலியில் நாய்க்கூண்டு கட்டினாலும் இதுதான் வழக்கம்.

அட்டகாமா பாலைவனத்து மலையுச்சியில் உலகிலேயே பெரிய தொலைநோக்கிக்குக் கூரை எழுப்பிய எங்கள் குழுவின் மேஸ்திரி தாகோபெர்த்தோ பராசா. நல்ல வேலைக்காரர்தான், அவரே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அல்ல. வாய்தான் எப்போதும் முந்திக்கொள்ளும். "உத்தரம் ஏறட்டும், கறிக்கு நான் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

உத்தரம் ஏறியது. டென்மார்க்கிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் தோர்பனிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"கூரை முடிஞ்சிருச்சு, எஞ்சினியரே. எப்பக் கறி?"

"இது கூரையே இல்ல, மேஸ்திரி. ராத்திரியானா ரெண்டா விலகித் திறக்கும்."

"உங்க வீட்டுக் கதவு திறந்தா அது கதவில்லையா?"

தோர்பன் நியாயமானவர், கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, கூரைதான். ஆனா தொலைநோக்கிக் கண்ணாடி வரப்போற இடத்துல புகை ஆகாது. அதோட நான் வீட்டுக்காரன் இல்லியே. இது பல நாட்டுக்குச் சொந்தம். எல்லாரும் கூடிப் பேசித்தான் சொல்லணும்."

"அதுக்குள்ள ஆடு கிழடாயிருமே!"

பலருக்குச் சொந்தமானது உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை எங்கள் ஆட்கள் அன்றைக்கே தீர்த்துவிட்டார்கள். மறுநாள் காலையில் உச்சியில் பொம்மை ஆடியது. தொப்பை, மீசை, கோணல் ஹெல்மெட். தோர்பன் அல்ல, தாகோபெர்த்தோ.

"டேய், நானாடா வீட்டுக்காரன்?"

"வாக்குக் குடுத்தவர்தானே வீட்டுக்காரர், மொதலாளி?" என்றான் வெல்டர் எலியோதோரோ.

தோர்பன் அண்ணாந்து பார்த்தார். "தொப்பை அப்படியே இருக்கு."

மலையில் இருந்த அத்தனை பேரும் தாகோபெர்த்தோவை "மொதலாளி" என்றே கூப்பிட்டார்கள். சமையல்காரர் சூப்பு ஊற்றும்போதுகூட. அந்த வாரமே அவர் கடற்கரையில் பப்போசோவிலிருந்த தன் வீட்டுக்கு இறங்கி, மனைவி நோல்ஃபாவின் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் வீட்டுக் கூரைக்கு என் ஆடு?"

"நம்ம வீட்டுக் கூரைன்னு வச்சுக்கோயேன்."

"நம்ம வீடு தகரம். அதுக்கே நீ எனக்கு ஒரு துண்டு கறி போட்டதில்ல."

ஆனாலும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கடலோரம் அடுப்பு மூட்டினோம். கல்யாணக் கோட்டோடு வந்த தாகோபெர்த்தோ, தோர்பன் தட்டில் நல்ல விலாத் துண்டாகப் பார்த்து வைத்தார்.

"சாப்பிடுங்க. நம்ம வீட்டுல வேலை செய்யறவங்க பசியோட போகக் கூடாது."

தோர்பன் எழுந்து நின்று, "நன்றி, மொதலாளி" என்றார். அதில் கேலி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தாகோபெர்த்தோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொற்பொழிவுக்குத் தொண்டையைச் செருமினார்.

"மொதலாளி!" என்றாள் நோல்ஃபா அடுப்படியிலிருந்து. "விறகு தீர்ந்துபோச்சு."

போனார்.