என் கைப்பையில் இருந்த ஆறு கடவுச்சீட்டுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், பாடசாலை விடுமுறையொன்றின்போது, கொழும்பிலிருந்து டெல்லிக்கு நான்கு பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் மனக்கணித வகுப்பு நடத்துகிறேன். சர்வதேசப் போட்டியொன்றுக்கு என் வகுப்பிலிருந்து ஓர் அணி தெரிவானது அதுவே முதல் தடவை. நால்வரும் பன்னிரண்டு வயதினர். மூவர் வெள்ளவத்தைப் பிள்ளைகள். நான்காமவள், அணியில் எல்லோரையும்விட வேகமாகக் கணிப்பவள், நகரின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள்.

துணைக்கு வரவிருந்த தாயொருவருக்குக் கடைசி நேரத்தில் விடுமுறை கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக வர முன்வந்தவர் அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் தகப்பனார். அவரை அதற்கு முன் வாசலில் இரண்டு தடவை கண்டிருப்பேன். உள்ளே வந்து அமருங்கள் என்று சொன்னதில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவருடைய கடவுச்சீட்டு என் கண்ணில் பட்டது. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. எல்லாம் சென்னை. அங்கிருந்து துணிமணி கொண்டுவந்து விற்பது தம் தொழில் என்றார். அதைக் கேட்டு நின்ற, வழியனுப்ப வந்திருந்த தாய்மாரில் ஒருவர் என்னை ஒரு பக்கம் அழைத்தார்.

"டீச்சர், கவனம். அந்தாள் ஏன் இத்தனை தரம் போய் வாறார்? பிள்ளைகளின்ர பேரைச் சொல்லி ஆக்களை வெளியில அனுப்புற ஏஜென்சிக்காரனோ தெரியாது."

"ஓம், எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்கு" என்றேன்.

எங்களிடையே அந்த அச்சம் புதியதன்று. விளையாட்டுக் குழுவென்றும் நடனக் குழுவென்றும் பெயர் பதிந்து வெளிநாடு சென்று, திரும்பாமலே நின்றுவிட்டவர்களின் கதை தெரியாத வீடு எங்கள் ஒழுங்கையில் இல்லை. ஆகவே அவ்விடத்திலேயே ஆறு கடவுச்சீட்டுகளையும் வாங்கி என் கைப்பையில் வைத்துப் பூட்டினேன்.

"டீச்சர், எல்லாத்தயும் ஒருத்தர் கையில வைக்கக் கூடாது" என்றார் அந்தத் தகப்பனார். "எங்க தொழில்ல அதுதான் மொத விதி. அவங்கவங்க பாஸ்போட் அவங்கவங்க இடுப்புல."

"பிள்ளைகளுக்கு நான்தான் பொறுப்பு."

"அப்ப என்னோடதயும் வாங்கிட்டீங்களே, நானும் புள்ளயா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

விமானம் பல மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. சென்னையில் நாங்கள் ஏறவேண்டிய டெல்லிப் புகையிரதம் எங்களை விட்டுப் போய்விட்டது. நான் செய்வதறியாது நிற்க, அவர் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் அன்று மாலை வண்டியில் ஆறு இடங்கள் கிடைத்தன. நன்றி சொல்லியிருக்க வேண்டும். மாறாக, அந்த 'யாரோ' யாரென்று யோசித்துக்கொண்டிருந்தேன். இடங்களும் மூன்று பெட்டிகளில் சிதறிக் கிடந்தன. பிள்ளைகளைப் பிரித்து வைப்பதற்குத்தான் இந்த ஏற்பாடோ என்றுகூட என் மனம் போயிற்று.

மறுநாள் முழுவதும், வண்டி நின்ற நிலையங்களிலெல்லாம் அவர் இறங்கிப் போய்ப் பிறகு வந்தார். நண்பகலில் என்னிடம் வந்து, "டீச்சர், பாஸ்போட்டுகளக் கொஞ்சம் தாங்க. ஒரு ஆளுக்குக் காட்டணும்" என்றார்.

"ஆருக்கு?"

"நம்மள ஒரே பெட்டியில போடுறேன்னு சொல்றாரு."

"வேண்டாம். இருக்கிறபடி இருக்கட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம் பெட்டிக்குத் திரும்பினார்.

பிற்பகலில் ஒரு பெரிய நிலையத்தில் வண்டி நின்றது. மேடையின் முன்கோடியில் அவர் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரோடு நின்று, பகலில் பிள்ளைகள் கூடியிருந்த எங்கள் பெட்டியைக் கைகாட்டிக் கதைப்பதைக் கண்டேன். இன்று கையும் களவுமாகப் பிடிப்பது என்று, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். கூட்டத்தை விலக்கி அவர்களை நெருங்கியபோதுதான், வெள்ளைச் சட்டைக்காரரின் முன்கையில் மடித்துப் போட்டிருந்த கறுப்புக் கோட்டும் மற்றக் கையிலிருந்த பயணிகள் பட்டியலும் தெரிந்தன. அவர் பயணச்சீட்டுப் பரிசோதகர். அதற்குள் வண்டி அசைந்துவிட்டது. இருவரும் அருகிலிருந்த பெட்டியில் தாவி ஏறினார்கள். எனக்கு அந்த வேகம் இல்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்தன. ஒரு சன்னலில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்து மறைந்தன.

பிள்ளைகள் நால்வரும் நான் நம்பாத மனிதரோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கடவுச்சீட்டுகள் என் தோளில் தொங்கின. அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. கேட்டு வாங்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நிலையத்தின் நீர்க்குழாயருகே அமர்ந்து, பெற்றோருக்கு என்ன சொல்வது என்பதைவிட, அவர் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவார் என்பதையே நினைத்து நடுங்கினேன்.

அரை மணி நேரத்தில் நிலைய உத்தியோகத்தர் ஒருவர், "சிறீலங்கா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பரிசோதகர் வண்டியிலிருந்தே சொல்லியனுப்பியிருந்தார். அடுத்த வண்டியில் எனக்கு இடமும் ஒழுங்காகியிருந்தது. ஆனால் அந்த வண்டி வர நெடுநேரம் எடுத்தது. வந்த பிறகும் ஊர்ந்தது.

டெல்லியில் போட்டி அடுத்த நாள் காலையில் ஆரம்பமாயிற்று. வயதுப் பிரிவை உறுதிப்படுத்த மூலக் கடவுச்சீட்டு வாசலிலேயே காட்டப்பட வேண்டும் என்பது விதி. நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் இரண்டு மணி. மண்டபத்தின் படிகளில் நான்கு பிள்ளைகளும் சீருடையோடு வரிசையாக அமர்ந்திருந்தார்கள். உள்ளே கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. வெளியே அந்தத் தகப்பனார் வாயால் எண்களைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் மணிச்சட்டத்தில் மணி தள்ளுவதுபோல் காற்றில் விரலசைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். காலை தொடக்கம் அவர் வாசலில் நின்று எல்லோரிடமும் மன்றாடியதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். என்னைக் கண்டதும் அவர் எழுந்து வந்தார்.

"சாப்புட்டீங்களா, டீச்சர்?"



திரும்பி வந்தபோது கட்டுநாயக்காவில் பெற்றோர் கோபத்தோடு காத்திருந்தார்கள். முதலில் என்னை எச்சரித்த தாய், அவருக்கு நேரே போய், "என்ன நடந்தது? டீச்சர் எப்பிடி ரெயினைத் தவறவிட்டவ?" என்று கேட்டார்.

"என்னாலதாங்க. நான் ஸ்டேஷன்ல எறங்கிட்டேன். என்னயத் தேடித்தான் டீச்சரும் எறங்குனாங்க" என்றார் அவர்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் அது உண்மையன்று. அவருடைய மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் பயணப் பெட்டியின் கைப்பிடியைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். வாய் திறக்க எனக்கு அந்த ஒரு கணம் இருந்தது, அதை விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் உறக்கம் வரவில்லை. பின்னர் மற்ற மூன்று பிள்ளைகளின் பெற்றோரை வகுப்புக்கு அழைத்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். தவறு முழுவதும் என்னுடையது, அவர் இல்லையென்றால் பிள்ளைகளின் கதி என்னவாகியிருக்கும் என்றேன். முடிவில் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குச் சரியான நல்ல மனம், டீச்சர். அந்தாளைக் காப்பாத்தப் பாக்கிறியள்" என்றார். மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை அந்தத் தவணையோடு வகுப்பை விட்டு நின்றுவிட்டாள். ஒரு நாள் அவர்களுடைய வீட்டைத் தேடிப் போனேன். அவர் தேநீர் தந்தார், மகள் நன்றாகப் படிக்கிறாள் என்றார். வகுப்பைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அவர் என்னை மன்னித்திருக்கக்கூடும். ஆனால் ஒரு விமான நிலையத்தில், ஒரே வாக்கியத்தில், நானும் சேர்ந்து உறுதிப்படுத்திய அந்தச் சந்தேகத்தை, எவ்வளவு உண்மை சொல்லியும் மற்றவர்களின் மனத்திலிருந்து இன்றுவரை என்னால் எடுக்க முடியவில்லை.