மகளின் இன்டர்வியூவில் நான் ஆசாரி

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மே மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். எனக்கு மரவேலை. பழைய வீடுகளில் கதவு, ஜன்னல், நிலை என்று பழுது பார்ப்பதுதான் பெரும்பாலும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் நூலகத்தில் வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிக்கிற ஆள். இல்லையென்றால் இதை எழுதும் துணிச்சல் வந்திருக்காது.

மகளுக்கு ஐந்து வயது நிறைந்திருந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் பொங்கலுக்கே ஆரம்பித்துவிட்டது. தெருமுனையில் நான் படித்த நகராட்சிப் பள்ளி இருந்தது. கோட்டையூர் போகிற வழியில் ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளி ஒன்று நடத்திவந்தார்கள். அதன் வேன் தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு வரும். டை கட்டிய பிள்ளைகள் ஏறுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வரும் என் மனைவி, பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். எதற்கு வைக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே.

எனக்கு இரண்டு மனம். நகராட்சிப் பள்ளியில் ஒரே வாத்தியார் இரண்டு வகுப்பைச் சேர்த்து மேய்ப்பதும் தெரியும். அதே சமயம், வீட்டில் யாருக்கும் தெரியாத பாஷையில் பிள்ளை படித்தால் அது என்ன படிக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும் என்ற பயமும் இருந்தது. நமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தானே பள்ளிக்கூடம் என்றாள் மனைவி. மறுநாளே போய் விண்ணப்பம் வாங்கிவந்தேன்.

சேர்க்கைக்கு முன்னால் இன்டர்வியூ உண்டு, பிள்ளையோடு அப்பாவும் அம்மாவும் வர வேண்டும் என்றார்கள். அப்பா டிகிரி படித்திருந்தால்தான் சீட்டு என்று தெருவில் பேச்சு. என் மனைவியின் அண்ணன் பி.காம். படித்தவர், திருச்சியில் பேங்க் ஆபீசர். லீவுக்கு வந்திருந்த அவர்தான் வழி சொன்னார்.

“மாப்பிள்ளை, காது குத்துறப்ப என் மடியிலதானே உக்காந்தா? இதையும் ஒரு காதுகுத்துன்னு நெனச்சுக்கங்க. நான் போய்ட்டு வாரேன்.”

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் மொட்டை, காதுகுத்து எல்லாமே தாய்மாமன் மடியில்தான். மாலையும் மரியாதையும் அவருக்கு. பெற்ற அப்பன் கூட்டத்தில் ஒருவனாகப் பின்னால் நிற்பான், அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் மச்சான் சொன்னது எனக்குத் தப்பாகவே படவில்லை. மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள், மாமன் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு வாங்கினால் என்ன? விண்ணப்பத்தில் பெயரை மட்டும் என்னுடையதாக எழுதினோம், படிப்பையும் உத்தியோகத்தையும் மச்சானுடையதாக எழுதினோம்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் சொன்னால்தான் கேட்பாள். அன்றைக்கு மட்டும் மாமாதான் அப்பா, என்னைப் பார்த்தாலும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்றேன். விளையாட்டாகவே பழக்கினேன். நான் அவளைக் கடந்து நடப்பேன், அவள் பார்க்கக் கூடாது. முதலில் சிரித்துச் சிரித்துத் தோற்றாள். பிறகு உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்தேன்.

நான் இன்டர்வியூவுக்குப் போவதாகவே இல்லை. கிளம்பும்போது, அப்பா வராவிட்டால் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மதியம் கோட்டையூரில் ஒரு வேலை இருந்தது. சரி, பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி, கருவிப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன். அவர்கள் உள்ளே வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் முற்றத்து ஓரம் பையோடு நின்றேன்.

நின்றதுதான் வினை. பள்ளிக்கூடத்துப் பியூன் என் பையைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

“ஆசாரிதானே? எத்தனை தடவ ஆள் விடுறது? இப்பத்தான் வாரீகளா?”

அவர்கள் வேறு யாரோ ஓர் ஆசாரிக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். அது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் இங்கே எதற்கு நிற்கிறாய் என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது? பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

தலைமையாசிரியை அறையின் கதவுதான் பழுது. நல்ல தேக்கு. மேல் கீல் கழன்று, திறக்கும்போதெல்லாம் தரையைக் கீறிக்கொண்டு அலறியது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த அம்மா, வருகிறவர்கள் வரட்டும், சத்தம் இல்லாமல் சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். கதவுக்கு அடியில் ஆப்பு கொடுத்து நிறுத்திவிட்டு மேல் கீலைக் கழற்றினேன். ஸ்க்ரூக்களை வழக்கம்போல உதட்டில் கவ்விக்கொண்டேன். அப்போதுதான் என் மகள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

என்னை வாசலில் கண்டதும் மனைவிக்குக் கால் தடுக்கியது. மச்சான் உத்திரத்தைப் பார்த்தபடியே உள்ளே போனார். மகள் ஒரு தரம் என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பாவாடை என் கையில் உரசியது.

உள்ளே எல்லாம் நன்றாகவே நடந்தது. மச்சான் இங்கிலீஷில் வெளுத்து வாங்கினார். மகள் நிறங்களைச் சொன்னாள், ஒரு ரைம் சொன்னாள். அப்பா பெயர் என்ன என்றதற்கு என் பெயரைச் சரியாகச் சொன்னாள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று தலைமையாசிரியை கேட்டார். மகள் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, “பேங்க்ல ஆபீசர்” என்றாள். நான் இருந்த பக்கம் அவள் கண் வரவே இல்லை. அவள் தடுமாறிவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டிருந்தேன். தடுமாறவில்லையே என்று இன்னொரு பக்கம் நொந்துகொண்டேன்.

சீட்டு உண்டு, ஜூனில் கொண்டுவந்து விடுங்கள் என்றார் தலைமையாசிரியை. மூவரும் எழுந்தார்கள். கதவு அவர்கள் மேல் சாய்ந்துவிடாமல் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அந்த அம்மா நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை. நமக்காகக் கதவைப் பிடிக்கிறார், அந்த அங்கிளுக்குத் தேங்க்ஸ் சொல்லு என்று பிள்ளையிடம் சொன்னார்.

மகள் நின்று, என் முகத்தை நேராகப் பார்த்து, “தேங்க் யூ அங்கிள்” என்றாள்.

 வாயில் ஸ்க்ரூ இருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் அதோடு நடக்கப் போனாள். என் மனைவிதான் நகரவில்லை. அடுத்த பெற்றோர் காத்து நிற்கிறார்கள், பியூன் நிற்கிறார். யாரைப் பற்றியும் கவலைப்படாமல் திரும்பி உள்ளே பார்த்துச் சொன்னாள்.

“டீச்சர், அவுகதான் இவளோட அப்பா. இவுக எங்க அண்ணன்.”

சொல்லிவிட்டு அழுதாள். பி.காம். படித்த மச்சானுக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மகள் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்து அவளும் அழ ஆரம்பித்தாள்.

தலைமையாசிரியை கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பியூனை வெளியே அனுப்பிவிட்டு, என்னை வந்து உட்காரச் சொன்னார். கதவைச் சுவரோரம் தள்ளி ஆப்பு கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், நேராக வந்திருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன் என்று கேட்டார். கொடுத்திருப்பீர்களா என்று நானும் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.

“யோசிச்சிருப்பேன். வீட்ல சொல்லிக்கொடுக்க ஆள் இல்லைன்னா பிள்ளை ரெண்டாம் வகுப்புலயே திணறும். அதுக்காகத்தான் கேக்குறோம்.”

ஆனாலும் கொடுத்த சீட்டு கொடுத்ததுதான், விண்ணப்பத்தை மட்டும் திருத்தி எழுதிக்கொடுங்கள் என்றார். நியாயமான மனுஷி. பாதியில் விட்டுப் போக மனசு வராமல், எல்லோரையும் அனுப்பிவிட்டு அந்தக் கதவை முடித்துக்கொடுத்துத்தான் கிளம்பினேன்.

வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. வாராது வந்த சீட்டை விடாதீர்கள் என்று மச்சான் ஊருக்குப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போனார். நானும் சேர்த்துவிடலாம் என்றுதான் சொன்னேன். உண்மை தெரிந்துவிட்டது, இனி எதற்குக் கூச்சம் என்பது என் கணக்கு. வேண்டாம் என்றவள், அத்தனை ஆசைப்பட்ட என் மனைவி.

“அவ அங்கிள்னு சொன்னப்ப வாயில ஸ்க்ரூவோடயே நீங்க சிரிச்சீக. வேலைக்குப் போற வீட்ல சிரிப்பீகளே, அந்தச் சிரிப்பு. மாசாமாசம் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போயி அதையே சிரிப்பீக. என்னால பாக்க முடியாது.”

நான் சிரித்தது எனக்கே தெரியாது. அவள் சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், சிரித்துத்தான் இருப்பேன். வேலை செய்யும் இடத்தில் யார் நன்றி சொன்னாலும் குனிந்து ஒரு சிரிப்பு சிரிப்பது கை வேலைக்காரனுக்குப் பழக்கமாகிவிடுகிறது. அந்தச் சிரிப்பை என் பிள்ளையிடமே சிரித்திருக்கிறேன். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

ஜூன் மாதம் நகராட்சிப் பள்ளிக்கு மூவரும் நடந்தே போனோம். ஓட்டுக் கட்டிடம், ஒரு மேஜை, பெரியவர்கள் உட்கார இரண்டு ஸ்டூல். வாத்தியார் என்னைத் தெரிந்தவர்தான். பிள்ளையோடு பேச்சுக் கொடுப்பதற்காக, உங்கப்பா என்ன வேலை பாக்குறாக என்று கேட்டார்.

 மகள் என்னைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். என் சட்டையைப் பிடித்து இழுத்து, நான் குனிந்ததும் காதோரம் மெதுவாகக் கேட்டாள்.

“இங்க யாரு அப்பா?”

நான்தான் தாயி, நான்தான், எங்கேயும் நான்தான் என்று சொன்னேன்.  வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நிமிர்ந்து நின்று, “ஆசாரி” என்றாள்.

அதன் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று கதை விட மாட்டேன். அந்தப் பள்ளியில் வருஷத்தில் பாதி நாள் வாத்தியார் கூட்டம், பயிற்சி என்று போய்விடுவார். மழைக்காலத்தில் வகுப்பு ஒழுகும். கல்லூரிக்குப் போனதும் இங்கிலீஷ் வராமல் தவித்த மகள், அன்றைக்கு அந்த இங்கிலீஷ் மீடியத்திலேயே சேர்த்திருந்தால் என்ன என்று என்னிடம் சண்டை போட்டிருக்கிறாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பிறகு முட்டி மோதித் தேறினாள். மச்சானின் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்தில் படித்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். எந்தப் பள்ளி ஒசத்தி என்று என்னைக் கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. இப்போது அவள் பிள்ளைக்கு அதே வயது. அதே கேள்வி அவள் வீட்டில் ஓடுகிறது, அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவளும் மாப்பிள்ளையும்.

என்னைக் கேட்டால் ஒன்று மட்டும் சொல்வேன்: எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் சேர்த்துவிடுங்கள், ஆனால் இங்கே யார் அப்பா என்று பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையை மட்டும் வைத்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி இத்தனை வருஷம் ஆகியும் அதன் வலி எனக்குள் அப்படியே இருக்கிறது.