சீசன் முடியவும்

நான் படித்த பள்ளியின் விடுதியில் ஜூன் மாதம் புதிதாகச் சேரப்போகும் பிள்ளைகளுக்காக, பழைய மாணவிகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் வாட்ஸாப் குழுவில் கேட்டிருந்தார்கள். பெருங்குடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். எதையும் வரிசை போட்டு எழுதுவது கைப்பழக்கம். மதிய இடைவேளையில் உட்கார்ந்து தொடங்கினேன்.

முதலில் தண்ணீர். விடுதி மயிலாப்பூரின் கடலோரப் பக்கம் இருப்பதால் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிடும். சமையலறைக்குப் பின்னால் நல்ல தண்ணீர் வரும் மெட்ரோ வாட்டர் தொட்டி ஒன்று உண்டு. குளிக்கப் போகும்முன் அதில் ஒரு மக் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியாக அதைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு மக் எடுத்தால் சமையல் அக்கா கத்துவார். அடுத்தது பக்கெட். மார்க்கரில் பெயர் எழுதினால் அழிந்துவிடும், பெயின்ட்தான் நிற்கும். வீட்டிலிருந்து வரும் முறுக்கை ஒளித்து வைக்காதீர்கள், எறும்பு காட்டிக்கொடுக்கும். விடுதியை நடத்துவது கன்னியாஸ்திரி சிஸ்டர்கள், அதனால் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தை முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள். எங்கள் காலத்தில் அதை எல்லோரையும்விட வேகமாகச் சொன்னவர்கள் இந்து வீட்டுப் பிள்ளைகள்தான். ஆமென் சொன்னால்தான் தட்டில் கை வைக்கலாம்.

மற்றவர்கள் எழுதி அனுப்பியதும் ஏறக்குறைய இவைதான். எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் அந்த கேட்டுக்குள் நுழைந்த அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: என்னை எப்போது திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்கள்?

எங்கள் வீடு தொலைவில் இல்லை. தி. நகரில், ஒரே பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரம். அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்தவர்கள். கடைக்கு மேலேயே வீடு. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு பேரும் கீழே இருப்பார்கள், நான் ஒரே பிள்ளை மேலே தனியாக இருப்பேன். அதனால் விடுதி. அதை நான் புரிந்துகொண்டேன். சேர்க்க வந்த அன்று பார்வையாளர் அறையில் அம்மா என் காதோரம் குனிந்து சொன்னாள்:

“அழாதட்டி. சீசன் முடியவும் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்.”

நான் அழுகையை நிறுத்தினேன். சீசன் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், கோயில் எல்லாம் சீசனைப் பார்த்துத்தான் நடந்தன. சீசன் நேரத்தில் அப்பாவிடம் எதுவும் கேட்கக் கூடாது. சீசன் முடிந்தால் கேட்டது கிடைக்கும். அப்போது ஜூன் மாதம், பள்ளிச் சீருடை சீசன். அது முடிய எவ்வளவு நாளாகிவிடும்? பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. வேண்டியதை மட்டும் மேலாக எடுத்துக்கொண்டு பெட்டியை மூடி வைத்தேன்.

பக்கத்துக் கட்டில்காரி பட்டினப்பாக்கத்துப் பெண். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் அவள் வீடு இருக்கும் குப்பத்துக் குடியிருப்பே தெரியும். அவள் அம்மா ரோட்டோரம் மீன் கடை போட்டிருந்தார். எங்கள் விடுதிச் சமையலுக்கும் சனிக்கிழமைகளில் அவர்தான் மீன் கொண்டுவந்து கொடுப்பார். விடியுமுன் ஏலத்துக்குப் போகிற வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சீசன் கதையை அவளிடம் சொன்னபோது, ஈரப் பாவாடையை உதறிக்கொண்டே சிரித்தாள்.

“இன்னாமே சீசன்? எங்க வூட்ல கடலுக்கு போட்டு போனா சீசன், போட்டு நின்னா தடைக்காலம். எப்ப நிக்கும், எப்ப போவும்னு கவர்மென்ட்டே சொல்லிடும். உங்க கடைக்குத் தடைக்காலம் எப்போ?”

“அப்படியெல்லாம் கிடையாது.”

“அப்ப எப்டி முடியும்?”

எனக்குக் கோபம் வந்தது. “உன்னை எப்போ கூட்டிட்டுப் போவாங்க?” என்று கேட்டேன்.

“என்னையா? பன்னெண்டாவது வரிக்கும் இங்கதான். அய்தாலும் இங்கதான், சிரிச்சாலும் இங்கதான்னு எங்கம்மா கேட்டாண்ட நிக்க வெச்சே சொல்லிட்ச்சு.”

எவ்வளவு கல்மனம் அவள் அம்மாவுக்கு என்று அன்றைக்கு நினைத்தேன். அவள் அலமாரியில் துணிகள் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன. கதவின் உள்பக்கம் மாதா படம் ஒட்டியிருந்தது.

சீருடை சீசன் முடிந்து ஆடித் தள்ளுபடி வந்தது. ஆடி முடிந்து தீபாவளி. லீவுக்கு வீட்டுக்குப் போனேன். கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். என் அறையில் புடவைப் பெட்டிகள் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அம்மா என்னை விடுதியில் திரும்ப விடும்போது, “பொங்கல் வியாபாரம் இருக்குல்லா” என்றாள். பொங்கலுக்கு அப்புறம், “வரிசையா முகூர்த்தம் வருது, பாப்போம்.” ஒருமுறைகூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் சீசன் முடியவும் என்றுதான் சொன்னாள்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு பக்கத்துக் கட்டில்காரியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. என்னைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். நானாக எதுவும் கேட்காமலே, “இந்த தபா கண்டிப்பா கூட்டினு போயிடுவாங்க பாரு” என்பாள். நான் சாப்பிடாமல் எழுந்தால், “நல்லா சாப்டுமே, எளச்சிப் போய் நின்னா உங்கம்மா இன்னா நெனைப்பாங்க” என்று தன் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து வைப்பாள். ஈஸ்டருக்கு அவள் போட்டுக்கொண்ட பச்சைச் சுடிதார் எங்கள் கடைத் துணி. பார்டரைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. “உங்கம்மா குட்த்தாங்க” என்றாள். என் தோழி என்பதற்காக அம்மா கொடுத்திருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் வகுப்பு வந்தது. படிப்பறையில் போடும் செய்தித்தாளை நான் ஒழுங்காகப் பார்ப்பேன், தி. நகர்க் கடைகளின் முழுப் பக்க விளம்பரங்களுக்காக. மறுபடி சீருடை, மறுபடி ஆடி. ஆவணி பிறந்த பிறகு ஆடி விளம்பரங்கள் நின்றுபோயின. நான் கணக்குப் போட்டேன். சீருடை, ஆடி, தீபாவளி, பொங்கல், முகூர்த்தம். எல்லா சீசனும் ஒரு சுற்று வந்து போய்விட்டது. இனி முடிவதற்கு எதுவும் பாக்கியில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வருவாள். சனிக்கிழமை மதியமே பெட்டியைக் கட்டி, தலையணையைப் போர்வைக்குள் சுருட்டிக் கட்டிலில் வைத்தேன்.

மீன் கொடுக்க வந்த தோழியின் அம்மா, மகளைப் பார்க்க மாடிக்கு வந்தார். கையில் வஞ்சிரம் வறுத்த டப்பா. என் கட்டிலைப் பார்த்து நின்றார்.

“இன்னா கண்ணு, பொட்டிய கட்டிக்கினு எங்க போற?”

“வீட்டுக்கு ஆன்ட்டி. நாளைக்கு அம்மா வருவாங்க.”

“லீவா?”

“இல்ல. சீசன் முடிஞ்சிடுச்சு. இனிமே வீட்லேர்ந்துதான் ஸ்கூலுக்கு வருவேன்.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

“ஏன்டி, இன்னுமா சொல்லாம கீற நீ?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கினார். “கண்ணு, உன்ன சேக்கும்போதே பன்னெண்டாவது வரிக்கும்னு உங்கப்பா சிஸ்டராண்ட பேசிட்டாராம். பொங்கலப்போ கேட்டாண்ட உங்கம்மாதான் எங்களாண்ட சொன்னாங்க. புள்ளையாண்ட சொல்லிடாதீங்க, கொஞ்ச நாள்ல பயகிடுவான்னாங்க. இத்தினி நாளாவா பொட்டிய கட்டிக்கினு கெடப்ப நீ?”

டப்பாவை என் கட்டிலில் வைத்துவிட்டு அவர் கீழே போய்விட்டார். மகளிடம் நான் கத்தவில்லை.

“ஏன் சொல்லல?”

“சொன்னா அய்வ.”

“கண்டிப்பா கூட்டிட்டுப் போவாங்கன்னு ஏன் சொன்ன? சும்மா இருந்திருக்கலாம்ல?”

“உங்கம்மா தான் சொல்ல சொன்னாங்க. நம்பிக்கினு இருந்தா ஒயுங்கா சாப்புடுவன்னு.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “நீயும் சாப்ட்ட இல்ல?”

சாப்பிட்டேன்தான். அவள் வைத்த அப்பளங்களை எல்லாம் சாப்பிட்டேன். அந்த அறையில் நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்பதும், என்னை நம்ப வைப்பது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்பதும், அந்த வேலைக்குத்தான் பச்சைச் சுடிதார் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. போர்வையைப் பிரித்துக் கட்டிலில் விரித்தேன். துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். அவள் உதவி செய்ய வந்தாள். வேண்டாம் என்றேன்.

நாங்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தோம். இப்போதும் போனில் பேசிக்கொள்கிறோம். அவள் எதையாவது “கண்டிப்பா” என்று சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்வேன். அது அவளுக்கும் தெரியும்.

எங்கள் வேலையில் ‘அது முடிந்ததும் இது நடக்கும்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எது, எந்தத் தேதியில் முடியும் என்று கேட்காமல் வாங்கமாட்டோம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால், உங்களைக் கொண்டுவந்து விடுகிறவர்களிடம் ஒரு மாதத்தின் பெயரைக் கேளுங்கள். தலையைத் தடவிவிட்டு வேறு எதையாவது சொன்னால், துணிகளை அன்றைக்கே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நான் துணிகளை அலமாரியில் அடுக்கியதற்கு மறுநாள் அம்மா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் சேர்வதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் எப்போதும் முதல் ஆளாக வந்துவிடுவாள். பார்வையாளர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னை எப்பவுமே கூட்டிட்டுப் போகப் போறதில்லையாம்மா?”

யார் சொன்னது என்று அம்மா கேட்கவில்லை.

“உங்கப்பா அப்பவே பேசிட்டாவ. நல்ல படிப்புட்டி இங்க. கடைக்கு மேல உக்காந்து என்ன படிப்ப நீ?”

“அப்ப ஏன் பொய் சொன்ன?”

“பொய்யா?” அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். “சீசன் முடியவும்னுதான சொன்னேன். முடிஞ்சிதா? நீயே சொல்லு, நம்ம கடையில என்னைக்காவது முடிஞ்சிருக்கா?”

அப்புறம் சிரித்தாள். என்னையும் சிரிக்க வைத்துவிடலாம் என்று நினைத்திருப்பாள்.

“இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்குத. கல்யாணமான புதுசுல உங்கப்பா என்ன சொல்லி என்னைய மெட்ராசுக்குக் கூட்டியாந்தாவன்னு நினைக்க? ஒரு தீவாளி சீசன் மட்டும் பாத்துட்டு ஊருக்குத் திரும்பிருவோம்னுதான். நான் அத நம்பி, பசுமாட்ட விக்காம எங்க அக்கா வீட்டுல கட்டிட்டு வந்தேன். வந்து கறந்துக்கிடலாம்னு.”

“மாடு என்னாச்சு?”

“அது என்ன ஆகும்? அவளே வச்சிக்கிட்டா.”

அதைக் கேட்டு எனக்கு அம்மாமேல் பாவமாக இருந்திருக்க வேண்டும். பாவமாக இல்லை. அந்த வார்த்தையை நம்பி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அவளுக்குத்தான் தெரியும். தெரிந்துதான் என் காதோரம் குனிந்து அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “சரி, நேரமாச்சு. தீவாளிக்கு உனக்கு என்ன கலர் எடுக்கட்டும்?”

“கடையில விக்காம எது கெடக்கோ, அது.”

வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அம்மா முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா, எவ்ளோ பொறுப்பு வந்துட்டு என் பிள்ளைக்கு” என்று என் கன்னத்தை வழித்து முத்தமிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.